பாட்டு முடிந்த பிறகுதான் வாணம்

பிப்ரவரி 9

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கேயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன். ஏதாவது என்றால் யாராவது சொல்லாமலா போய்விடுவார்கள்.

முதலில் எழுத வேண்டியவள் நான் இல்லை. போன கோடை விழாவுக்கு மறுநாள் காலை, போட்டுவைத்த காப்பி ஆறிக் கிடக்க, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வண்டியேறிப் போனவன் நீ. அக்கா என்று ஒருத்தி இருக்கிறாளா என்று இத்தனை மாதமாகத் திரும்பிப் பார்க்காதவனும் நீ. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் பக்கம் பக்கமாக எழுதுகிறேன். பத்தாவது வரை போனவனிடமிருந்து ஒரு வரி இல்லை. போனில் கூப்பிட்டால் உன் வீட்டுக்காரிதான் எடுக்கிறாள். "அவர் வெளிய போயிருக்காரு அண்ணி." பின்னால் டிவி தெருவுக்கே கேட்கிற மாதிரி அலறுகிறது. அவள் டிவி பக்கமே போகாதவள் என்று எனக்குத் தெரியாதா. நீ பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இல்லையென்று சொல்லச் சொல்லிக் கையை ஆட்டுகிறாய்.

எனக்காக எழுதவில்லை. மருந்துக்கடைக்காரர் நேற்று என் தையல்கடை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். இந்த வருடமும் அவர்தான் விழாக் கமிட்டிச் செயலாளர். "உங்க தம்பி இந்த வருஷம் வாணம் விட வர்றாரா, இல்லையா? போன் பண்ணா எடுக்கவே மாட்டேங்குறார்" என்று என்னைக் கேட்கிறார். நான் என்ன உன் மானேஜரா. "கேட்டுச் சொல்றேன்" என்றேன். அதனால் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் ஊரில் எது மாறினாலும் அது மாறாது என்று உனக்கே தெரியும். ஏரிக்கரை மைதானத்தில் பேண்டு கடைசிப் பாட்டை முடிக்கும். மைக்கில் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பாட்டு முடிந்த அந்த நொடியில் எதிர்க்கரையிலிருந்து முதல் வாணம் எழும்ப வேண்டும். புல்லில் போர்வை விரித்து உட்கார்ந்திருக்கிற சனம் அதற்குத்தான் மத்தியானத்திலிருந்தே இடம்பிடித்துக் காத்துக் கிடக்கும். அந்தக் கடைசிப் பாட்டின் கடைசிப் பகுதியைத் தனியாகக் கிளாரினெட்டில் வாசிக்க, போன வருடம் என் பேத்தியை நிறுத்தினார் பேண்டு மாஸ்டர். பெரிய பெரிய ஆளெல்லாம் இருக்க, இவளை. முடிகிற இடத்தில் சத்தம் மெலிந்து மெலிந்து நூல் மாதிரி ஆகும். ஆகிக்கொண்டிருந்தது. நீ அவள் தலைக்கு மேலே வாணத்தை விட்டாய்.

சனம் ஓவென்று கத்தியது. அவள் மிச்சத்தை வாசித்தாள். பக்கத்தில் நின்ற டிரம்காரருக்குக்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து கிளாரினெட்டைப் பெட்டியில் வைத்து மூடியவள் இன்றுவரை திறக்கவில்லை.

வருகிறாயா இல்லையா என்று எழுது. குழந்தைக்கும் ஒரு வார்த்தை எழுது.

உன் அக்கா


பிப்ரவரி 18

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம்.

பாட்டு முடிந்தால் வாணம். பாட்டு முடிந்தது, விட்டேன். அன்றைக்குக் காற்று வேறு திசை மாறிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் பொறி சனத்தின் பக்கம் போயிருக்கும். ஒரு ராகத்துக்காக ஊரைக் கொளுத்த முடியாது.

இந்த வருடம் நான் வரவில்லை. முழங்கால் வலி. கரையில் ஏறி இறங்கித் தோண்ட முடியவில்லை. நகரத்தில் இப்போது கம்பெனிகள் வந்துவிட்டன, அவர்களைக் கூப்பிடச் சொல்லிவிடு. செயலாளர் நல்ல மனிதர். அவரும் மருந்து விற்கிறவர், நானும் மருந்து இடிக்கிறவன் என்று சிரிப்பார். என் வணக்கத்தைச் சொல்.

சின்னவளுக்கு என் ஆசி. நன்றாகப் படிக்கச் சொல்.

தம்பி

பி.கு. என் காக்கிச் சட்டைக்குப் பித்தான் வைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்தாய். அவசரமில்லை.


மார்ச் 2

கந்தகத்துக்கு,

உன் சின்ன வயதுப் பட்டப்பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறேன். அந்தப் பெயரில் இருந்தவன் பொய் சொல்லத் தெரியாதவன்.

முழங்காலா. போன வருடம் மணல்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆட்டுக்குட்டி மாதிரி கரையேறினாய். கீழே நின்று பார்த்தேன். காற்று மாறியதாம். மைதானத்தில் அன்றைக்கு எல்லோரும் வியர்த்து வழிந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார்கள். விசிறுகிறவர்களுக்கு வராத காற்று உனக்கு மட்டும் வந்ததா.

இங்கே நடந்ததைக் கேள். நீ வரவில்லை என்று சொன்னதும் செயலாளர் நகரத்துக் கம்பெனி ஆளை வரவழைத்தார். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட பையன் ஒருவன் வந்து கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினான். பாட்டும் அதிலேயே இருக்கிறது, வாணமும் அதிலேயே இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் இரண்டும் ஒன்றாக நடக்கும். "அப்ப பேண்டு?" என்று மாஸ்டர் கேட்டார். "அவங்க முன்னாடியே முடிச்சிட்டு இறங்கிடலாம் சார். இது சவுண்ட் ரொம்ப க்ளியரா இருக்கும்" என்றான். மாஸ்டர் எழுந்து நடந்தார். என் கடைக்கு வந்து, பேண்டுக்கு நான் தைத்துக்கொண்டிருக்கிற புதுக் கோட்டுகளைத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அதைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

இதோடு போகவில்லை. வாணத்தை எல்லோரும் பார்க்கிற மாதிரி விட மாட்டார்களாம். மைதானத்தைச் சுற்றித் தட்டி கட்டி, வாசலில் டிக்கெட் போட வேண்டுமாம். அப்படிச் செய்தால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். நினைத்துப்பார். நம் அப்பா நம்மைத் தோளுக்கு ஒன்றாக உட்கார வைத்துக் காட்டிய விழா. அதற்கு வாசலில் ஒருத்தன் நின்று சீட்டுக் கிழிப்பானாம்.

பேத்தியிடம் உன் ஆசியைச் சொன்னேன். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தாமல், "தாத்தா முன்னாடியே வெடிச்சதுல எனக்குக் கோபம் ஒண்ணும் இல்ல பாட்டி" என்றாள்.

"பின்ன என்னடி?"

"முடிஞ்சதும் வந்து, 'கடைசி வரைக்கும் கேட்டேன், ரொம்ப நல்லா வாசிச்சே'ன்னு சொன்னாரு. நான் வாசிச்சது எனக்கே கேக்கல. அவருக்கு எப்படிக் கேட்டுச்சாம்? மத்தவங்க யாராவது சொல்லியிருந்தா சும்மா சொல்றாங்கன்னு விட்டிருப்பேன்."

அதன் பிறகு அந்தத் தட்டையே ரொம்ப நேரம் துடைத்தாள்.

இதற்கு என்ன சொல்கிறாய்.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

நீ வைத்திருப்பது தையல்கடையா, காவல் நிலையமா. ஊசி என்று உனக்குச் சரியாகத்தான் பெயர் வைத்தேன்.

திரி ஈரம். உண்மை அதுதான், போதுமா. ஈரத் திரி எப்போது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே கொளுத்த வேண்டியதாயிற்று, அது சட்டென்று பிடித்துக்கொண்டது. இந்த வேலையைத் தெரிந்தவர்களுக்குப் புரியும்.

குழந்தையிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்வது குற்றமா. அழுகிற முகத்தோடு நின்றாள், சொன்னேன். உன்னை மாதிரி நிறுத்திவைத்து விசாரணை செய்ய எனக்குத் தெரியாது.

போனில் பேச எனக்கு இஷ்டமில்லை. அதற்கு நீயாக ஒரு காரணம் கற்பித்துக்கொள்ளாதே.

டிக்கெட் விஷயம் நன்றாக இல்லை. அதைச் செயலாளரிடம் சொல். ஊரே சேர்ந்து சொன்னால் கேட்பார். ஆனால் என்னை இதில் இழுக்காதே. நான் இப்போது அமைதியாக இருக்கிறேன். காலையில் எழுந்து பின்கட்டில் உட்காருகிறேன். கொய்யா மரத்தில் முன்பெல்லாம் குருவிகள் கொட்டம் அடிக்கும், இப்போது அவையும் இந்தப் பக்கம் வருவதில்லை. எங்கே போயினவோ. வீடே அமைதியாக இருக்கிறது. எனக்கு இது போதும்.

தம்பி


மார்ச் 24

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் ஆத்திரம் வந்தது. முதலில் காற்று, பிறகு முழங்கால், இப்போது ஈரத் திரி. உனக்குச் சரியாக நாலு கொடுக்க வேண்டும் என்று உடனே போனை எடுத்தேன். காலை நேரம், வெயில் ஏறவில்லை. வழக்கம்போல உன் வீட்டுக்காரிதான் எடுத்தாள். அவள் ஹலோ சொன்னதே எனக்குக் காதில் விழவில்லை. பின்னால் அப்படி ஒரு சத்தம்.

"என்னம்மா, சந்தையில நிக்கிறியா?" என்றேன்.

"பின்கட்டுல நிக்கிறேன் அண்ணி. குருவிங்க. இந்த வருஷம் ரொம்ப அதிகம். கொய்யா மரம் பூரா கூடுதான். விடிஞ்சா தூங்க விடாதுங்க. உங்க தம்பி மட்டும் கும்பகர்ணன் மாதிரி தூங்குறாரு."

நான் ராங் நம்பர் மாதிரி போனை வைத்துவிட்டேன்.

பிறகு மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு கோட்டுக் கைக்கு நூல் ஓட்டியிருந்தது, அதை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிவி ஏன் அலறுகிறது என்று தெரிந்தது. நீ ஏன் போனை எடுப்பதில்லை என்றும் தெரிந்தது. போன வருடம் விழாவன்று மத்தியானம் வாணம் விடுகிற குழாய்களை நட்டுக்கொண்டிருந்த உன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர்ச் செம்போடு நின்று எத்தனை தடவை கூப்பிட்டேன். நீ திரும்பவில்லை. பெரிய ஆளாகிவிட்டான், அக்கா கூப்பிட்டால் திமிர் என்று செம்பை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். அந்தச் செம்பும் தொலைந்துபோனது.

மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன். செம்புக்காக வைத்திருந்த கோபத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

தம்பி, உனக்குக் காது கேட்கவில்லை. அதை என்னிடம் சொல்ல வேண்டியது உன் கடமை என்றெல்லாம் எழுத வந்தேன், எழுதவில்லை. முழுசாகவே கேட்கவில்லையா, மெல்லிய சத்தம் மட்டும்தானா? டாக்டரிடம் காட்டினாயா? இத்தனை வருடம் வெடிக்குப் பக்கத்திலேயே நின்றவனுக்கு வராமல், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிற எனக்கா வரும்.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தியிடம் சொல்ல வேண்டும். நீ சும்மா சொன்னாய் என்று ஒரு பெண் பெட்டியை மூடி வைத்திருக்கிறாள். உன் உத்தரவில்லாமல் அவளிடம் சொல்ல மாட்டேன். பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அக்கா


மார்ச் 31

அக்கா,

கடிதம் கிடைத்தது. யாரிடமும் சொல்லாதே. பிறகு எழுதுகிறேன்.


ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்குப் பதில் எழுத உட்கார்ந்து எழுந்து, உட்கார்ந்து எழுந்து, கடைசியில் இன்று எழுதுகிறேன். அன்றைக்கு உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொய்யா மரத்தடியில் போய் நின்றேன். அண்ணாந்து பார்த்தேன். கிளைக்குக் கிளை குருவி. வாய் திறந்து திறந்து மூடுகிறது. ஒரு சத்தம் இல்லை. அவை வருவதில்லை என்று நான் எப்படி நினைத்தேன் என்றால், நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. காதுக்கு வந்தால்தான் கண் போகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

இடி கேட்கிறது. லாரி கேட்கிறது. எதிரே நின்று ஆண்கள் பேசினால் பெரும்பாலும் புரிகிறது. பெண்கள் குரல், குழந்தைகள் குரல், போன் எல்லாம் பஞ்சு வைத்து அடைத்த மாதிரி. டாக்டரிடம் காட்டவில்லை. காட்டினால் அவர் சொல்வது உண்மையாகிவிடும் என்று பயம்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். இத்தனை வருடமும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன். கண் முழுக்கத் திரி மேல் இருக்க வேண்டும், பாட்டைக் காது பார்த்துக்கொள்ளும். அப்படித்தான் அன்றைக்கும் நின்றேன். பாட்டு மெலிந்தது, நின்றது. எனக்கு நின்றது. நீளக் கம்பின் நுனியில் இருந்த கனலைத் திரியில் வைத்தேன். வாணம் கிளம்பிய பிறகு திரும்பிப் பார்த்தால், சின்னவள் கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்கவில்லை. அவள் உடம்பு இன்னும் பாட்டோடு ஆடிக்கொண்டிருந்தது.

மேடைக்கு ஓடிப்போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது, தப்பான வார்த்தை.

ஆனால் நான் வரவில்லை என்று சொன்னதற்குக் காரணம் அது இல்லை. மறுநாள் வண்டியில் மச்சினன் சொன்னான். நான் கனலைக் கொண்டுபோனபோது அவன் மணல்வாளியோடு, மேடையைப் பார்த்தபடி, குழாய் வரிசையின் அந்தக் கோடியில் நின்றிருக்கிறான். "இருங்க அத்தான், இருங்க அத்தான்" என்று தொண்டை கிழியக் கத்தினானாம். "அவ்வளவு பிடிவாதமா உங்களுக்கு" என்று கேட்டான். பிடிவாதக்காரன் என்றே அவன் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் யோசித்துப்பார், அக்கா. அன்றைக்குப் பாட்டுக்காகக் கத்தினான். நாளைக்குக் குழாய் சாய்ந்துவிட்டது என்று கத்தினால்? கரைக்கு இந்தப் பக்கம் குழந்தை ஒன்று ஓடிவந்துவிட்டது என்று கத்தினால்? நெருப்போடு வேலை செய்கிறவனுக்கு ஒரு கத்தல் கேட்க வேண்டும். கேட்காதவன் ஒதுங்க வேண்டும். இதில் ரோஷம் ஒன்றும் இல்லை.

சின்னவளிடம் சொல். நீயே சொல். அவள் வாசித்தது எனக்குக் கேட்கவில்லை என்று சொல். மறுபடி வாசிக்கச் சொல்.

உன் தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

சொன்னேன்.

அவள் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்தாள். வாயில் வைக்கிற ரீடு காய்ந்து விரிசல் விட்டிருந்தது. புதிது மாட்டினாள். வாசலில் போய் நின்று, கடைசிப் பாட்டின் கடைசிப் பகுதியை வாசித்தாள். நடுவில் தடுமாறியது, பல மாதம் விட்டதல்லவா. முடித்துவிட்டு உள்ளே வந்து, "பாட்டி, நீங்க தெரு முனைக்குப் போய் நில்லுங்க. எனக்கு முதுகைக் காட்டிட்டு நில்லுங்க. எப்ப முடிஞ்சுதுன்னு சொல்லுங்க" என்றாள். போய் நின்றேன். முடிந்துவிட்டது என்று கையைத் தூக்கினேன். திரும்பிப் பார்த்தால் வாசித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கும் கேட்கவில்லை, தம்பி. அவ்வளவு மெலிதாக வாசிக்கிறாள் என் பேத்தி. இந்த ஊரில் வேறு யாருக்கு அது வரும் சொல்.

அப்போதுதான் அவள் சொன்னாள். "தாத்தா ஏன் முதுகைக் காட்டிட்டு நிக்கணும்?"

ஏன் நிற்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. குழாய்களை இடம் மாற்றி நட்டால் மேடையைப் பார்த்தபடி கொளுத்த முடியாதா? உன் தொழில், உனக்குத்தான் தெரியும். எனக்குத் தெரிந்தது கோட்டு. பேண்டுக் கோட்டு இந்த வருடம் கருநீலம். அவளுடைய கோட்டுக்கு மட்டும் கைநுனியில் முழம் நீளத்துக்கு வெள்ளைப் பட்டி வைக்கிறேன். கடைசி சுரம் முடிந்ததும் கிளாரினெட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்குவாள். மேடை வெளிச்சத்தில் அந்த வெள்ளை ஏரியின் அந்தக் கோடிக்குத் தெரியும். தூக்கினால் பாட்டு முடிந்தது. தூக்காதவரை முடியவில்லை.

கத்தல் விஷயம் நீ சொன்னது சரி. அதில் நான் வாதாட மாட்டேன். ஆனால் மச்சினன் அந்தக் கோடியில் ஏன் நிற்க வேண்டும்? உன் பக்கத்தில் நின்று தோளில் கை வைத்துக்கொள்ளட்டும். ஏதாவது என்றால் பிடித்து இழுக்கட்டும். மணல்வாளிக்கு வேறு ஆள் இல்லையா.

இதையெல்லாம் மறைத்துச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செயலாளரிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவர் வேண்டாம் என்று சொல்லலாம். அது உன் மானம், உன் வாய். நான் திறக்க மாட்டேன். டிக்கெட்டுக்குத் தட்டி கட்ட மூங்கில் வந்து இறங்கிவிட்டது. நாள் அதிகம் இல்லை.

அக்கா


ஏப்ரல் 28

அக்காவுக்கு,

செயலாளரைப் பார்க்க நானே நேற்று வந்து போனேன். உன் வீட்டுக்கு வராமல் திரும்பியதற்குத் திட்டாதே. அவர் என்ன சொல்வாரோ தெரியாமல் உன் முகத்தில் விழிக்க இஷ்டமில்லை.

மருந்துக்கடையில் கூட்டம். எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக நின்றேன். பிறகு காது விஷயத்தையும் நீ எழுதிய யோசனையையும் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். "இது இல்லாம எனக்குச் சீட்டுல எழுதியிருக்குறது ஒண்ணுமே தெரியாது. அதுக்காக நான் கடையை மூடிட்டேனா?" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்தார். வேண்டாம் என்றுதான் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "ஆனா ரெண்டு கண்டிஷன். உங்க மச்சினன் உங்க தோளை விட்டுக் கையை எடுக்கக்கூடாது. தீயணைப்பு நிலையத்துலேர்ந்து ஒருத்தர் கூட நிப்பாரு. அவங்க ரெண்டு பேர்ல யார் இழுத்தாலும் அன்னைக்கு வாணம் அதோட நின்னுடும். சம்மதமா?"

இதையெல்லாம் அவர் என் முகத்துக்கு நேரே நின்று, வாயை நன்றாகத் திறந்து, கடைக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஊருக்கே தெரிந்திருக்கும். இருக்கட்டும். ஒரு வருடமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

மச்சினனிடமும் சொல்லிவிட்டேன். அவன் என் காதையே உற்றுப் பார்த்தான். பிறகு, "அப்ப நான் உங்களைத் திட்டுனதெல்லாம் வேஸ்ட்டா அத்தான்?" என்றான்.

குழாய்களைத் திருப்பி நட முடியும். பின்கட்டில் வெறும் குழாயை நட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வருகிறேன்.

தம்பி


மே 7

தம்பிக்கு,

வந்து போனவன் வீட்டுக்கு வராததை மறக்க மாட்டேன். அதைத் தனியாக எழுதுகிறேன்.

மூங்கிலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டிக்கெட் இல்லை. கம்ப்யூட்டர் பையனுக்குச் செயலாளர் டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பினார். மாஸ்டர் கோட்டுகளை வாங்கிப்போக வந்தபோது சீட்டி அடித்துக்கொண்டு வந்தார்.

பேத்தியின் கோட்டில் வெள்ளைப் பட்டி வைத்தாகிவிட்டது. பட்டுத்துணி வேண்டாம், வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்கும், பார்க்கிறவனுக்குக் கூசும் என்று பருத்தியில் வைத்தேன். தெரு விளக்கடியில் அவளை நிறுத்தி, நான் கோடியிலிருந்து பார்த்தேன். நன்றாகத் தெரிகிறது.

அவள் உனக்கு ஒன்று சொல்லச் சொன்னாள். "நான் கையத் தூக்கினா தாத்தா உடனே விடணும்னு இல்ல. அவருக்கு எப்ப தோணுதோ அப்ப விடட்டும்." எனக்கு இது பிடிக்கவில்லை. ஒழுங்காக ஒரு வழி செய்து கொடுத்தால் அதில் இவள் பொத்தல் போடுகிறாள். ஆனாலும் சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

உன் காக்கிச் சட்டைக்குப் பித்தான் வைத்தாயிற்று. வந்து வாங்கிக்கொள். சாப்பாட்டுக்கு நேரத்துக்கு வா.

அக்கா


ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

விழா முடிந்து நல்லபடியாக வந்து சேர்ந்தோம். நீ கட்டிக்கொடுத்ததை வழியிலேயே மச்சினன் முடித்துவிட்டான்.

முதலில் ஒரு சேதி. உன் தொந்தரவு தாங்காமல் காது டாக்டரிடம் போனேன். மெஷின் கொடுத்திருக்கிறார். ஒரு காதுக்குத்தான் பயன்படும், இன்னொன்று போனது போனதுதான் என்கிறார். மாட்டிக்கொண்டு வந்த அன்று சாயங்காலம் பின்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கிறீச் கிறீச் என்று ஒரே சத்தம். "வாசல் கேட்டுக்கு எண்ணெய் போடணும், கீல் துருப்பிடிச்சிருக்கு" என்றேன். உன் தம்பி பெண்டாட்டி கரண்டியோடு வெளியே வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கேட்டு சாத்திக் கிடக்கு. அது குருவி" என்றாள். முன்பு அது இவ்வளவு கர்ணகடூரமாக இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. டாக்டர் பழகிவிடும் என்கிறார். குருவியா, நானா என்று கேட்கவில்லை.

பஸ் கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே நின்று நீ என்னமோ கேட்டாய். இரைச்சலில் காது உதவவில்லை, உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். "ஏன்டா வாணத்தை அவ்வளவு நேரம் நிறுத்தினே? எனக்கு உசிரே போச்சு." பதில் சொல்வதற்குள் பஸ் திரும்பிவிட்டது. இப்போது சொல்கிறேன்.

இத்தனை வருடத்தில் இந்த விழாவன்றுதான் முதல்தடவையாக மேடைப் பக்கம் திரும்பி நின்றேன். மேடை தெரிந்தது. ஏரித் தண்ணீரில் மேடையின் வெளிச்சம் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் போர்வை போர்வையாகச் சனம். இத்தனை நாள் நான் யாருக்காக விட்டேன் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மச்சினன் கை தோளில் கனமாக இருந்தது. சின்னவள் எழுந்து நின்றாள். வாசித்தாள். கொஞ்ச நேரம் எனக்குக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. அவள் உடம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடுவது குறைந்தது. நின்றது. வெள்ளைப் பட்டி இரண்டும் மேலே போயின.

கனலைத் திரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்விட்டேன். அப்போது மேடை வெளிச்சத்தில் சனத்தைப் பார்த்தேன். யாரும் கைதட்டவில்லை. அட்டையால் விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை மடியில் வைத்துவிட்டார்கள். யாரோ ஒருத்தர் வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். குழந்தைகள்கூட அசையவில்லை. மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. காதால் இல்லை, பார்த்தே தெரிந்தது.

இந்த நாலைந்து வருடமாக நான் ஒரு இடத்தில் தனியாக இருக்கிறேன், அக்கா. வீட்டில், கடைத்தெருவில், உன் எதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட. அங்கே வேறு யாரும் வந்ததில்லை. அன்றைக்கு அந்தக் கொஞ்ச நேரம், எனக்கு என்ன கேட்டதோ அதுதான் ஊருக்கே கேட்டது. நீ, சின்னவள், மருந்துக்கடைக்காரர், டம்ளர்காரர் எல்லோரும் அங்கே வந்து என்னோடு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

வந்தவர்களை உடனே எழுப்பி அனுப்ப மனசு வரவில்லை. அதனால்தான் நிறுத்தினேன்.

தம்பி